மூன்றாவது பச்சை

சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொண்டு பறக்கும் சின்ன விமானங்களில், விமானியின் கண்ணெதிரே மூன்று பச்சை விளக்குகள் இருக்கும். மூக்குச் சக்கரத்துக்கு ஒன்று, இடது வலது சக்கரங்களுக்கு ஒவ்வொன்று. கியர் நெம்புகோலைத் தள்ளினால் சக்கரம் வெளியே வந்து, முழுக்க இறங்கி, பூட்டிக்கொள்ளும். பூட்டு விழுந்ததும் ஒரு மைக்ரோ ஸ்விட்ச் அழுந்தும், பச்சை எரியும். சக்கரத்தைத் தாங்கும் கால் வெறுமனே இறங்கியிருப்பதற்கும் பூட்டியிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பூட்டாத கால், தரையில் பாரம் ஏறியதும் மடங்கிவிடும். அதனால் "மூணு பச்சை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று பயிற்சி மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிக் கொடுப்பார்கள்.

நான் இந்தக் கால்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பயிற்சி விமானங்களைப் பராமரிக்கும் ஹேங்கரில் விமானத்தை ஜாக்கில் ஏற்றி, சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, கியரை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்போம். உள்ளே ஒருவர் நெம்புகோலைத் தள்ளுவார். நான் கீழே குந்தி உட்கார்ந்து பூட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். "லாக்" என்று நான் குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து "பச்சை" என்று பதில் வர வேண்டும். சில சமயம் பதில் வராது. பூட்டு ஒழுங்காக விழுந்திருக்கும். ஸ்விட்சின் முனையில் கிரீஸும் புழுதியும் சேர்ந்து கெட்டியாகி, அது முழுக்க அழுந்தாமல் நின்றிருக்கும். இல்லையென்றால் மேலுறை நன்றாக இருந்தும் உள்ளே ஒயர் அறுந்திருக்கும். பல நேரம் பல்புதான் போயிருக்கும். காலுக்கு ஒன்றும் இல்லை, காலைப் பற்றிச் செய்தி சொல்லும் விளக்கில்தான் கோளாறு. துணியை எடுத்துத் துடைத்து, ஒயரை மாற்றி, லாக் புக்கில் கோளாறை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். இதே கோளாறு மேலே பறந்துகொண்டிருக்கும்போது வந்தால், எது கெட்டது, காலா விளக்கா என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் ஒரு மனிதன் முடிவெடுக்க வேண்டும்.

1991 ஏப்ரல் 4, ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த செனட்டர் ஜான் ஹைன்ஸ், வில்லியம்ஸ்போர்ட்டிலிருந்து பிலடெல்பியாவுக்கு ஒரு பைப்பர் ஏரோஸ்டாரில் வந்துகொண்டிருந்தார். இரட்டை என்ஜின் கொண்ட சின்ன விமானம். விமானிகள் இரண்டு பேர், பயணி அவர் ஒருவர்தான். வயது 52. பிலடெல்பியாவை நெருங்கிக் கியரை இறக்கியபோது மூக்குச் சக்கரத்தின் பச்சை எரியவில்லை.

ஏரோஸ்டாரின் என்ஜின்கள் இறக்கைகளில் இருக்கும். ப்ரொப்பெல்லரின் நடுவே பளபளக்கும் கூம்பு ஒன்று உண்டு. அந்தக் கூம்பில் மூக்குச் சக்கரத்தின் பிம்பம் விமானிக்குத் தெரிந்தது. கால் வெளியே வந்திருக்கிறது என்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். பூட்டியிருக்கிறதா என்பது மட்டும் தெரியவில்லை. அதே நேரம் பக்கத்தில் ஒரு ஹெலிகாப்டர் பறந்துகொண்டிருந்தது. ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பெல் 412, அதில் இரண்டு விமானிகள் மட்டும். தங்களைக் கடந்துபோன ஏரோஸ்டாரின் கியர் இறங்கியிருப்பதுபோலத்தான் தெரிகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். வேண்டுமானால் அருகே வந்து நன்றாகப் பார்த்துச் சொல்கிறோம் என்று தாங்களாகவே முன்வந்தார்கள். ஏரோஸ்டார் விமானி ஒத்துக்கொண்டார்.

மூக்குச் சக்கரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் விமானத்தின் அடிப்பக்கம் நெருங்கியாக வேண்டும். பெல் 412-ன் தலைக்கு மேலே சுழலும் வட்டத்தின் குறுக்களவு 14 மீட்டர். லோயர் மெரியன் என்ற ஊரில், மெரியன் தொடக்கப் பள்ளிக்கு மேலே, இரண்டும் மோதிக்கொண்டன. பள்ளியில் அது மதிய இடைவேளை நேரம், பிள்ளைகள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆகாயத்தில் இருந்த ஐந்து பேரும் போனார்கள். கீழே, ஒன்றாம் வகுப்புப் படித்த இரண்டு சிறுமிகள் போனார்கள். இன்னும் சிலருக்குக் காயம்.

மறுநாள், ஏப்ரல் 5, ஜார்ஜியா மாநிலத்தின் பிரன்ஸ்விக்கில் ஒரு சிறிய பயணிகள் விமானம் விழுந்து 23 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் முன்னாள் செனட்டர் ஜான் டவர். அடுத்தடுத்த நாளில் இரண்டு செனட்டர்கள். இப்படி அமைந்துவிட்டால் எந்த ஊரிலும் ஜனங்கள் வானத்தைப் பார்ப்பார்கள், கிரகம் என்பார்கள், சாபம் என்பார்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையாளர்கள் பிரன்ஸ்விக்கில் கண்டது, ப்ரொப்பெல்லரின் கோணத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்குள் பற்கள் தேய்ந்துபோயிருந்ததை. மெரியனில் கண்டது முற்றிலும் வேறு. இரண்டுக்கும் நடுவில் நாள்காட்டியைத் தவிர வேறு உறவில்லை.

மெரியன் விபத்தைப் பற்றி வாரியம் என்ன முடிவு சொன்னது என்பதை நான் வேலையில் இருந்த காலத்தில் படித்தேன். இன்றுவரை என்னை விடாமல் பிடித்திருக்கும் முடிவு அது. மூக்குச் சக்கரம் முழுக்க இறங்கியிருக்கிறது என்று தன்னால் முடிந்த அளவு உறுதி செய்துகொண்ட பிறகும், ஆகாயத்தில் வைத்து அதைப் பரிசோதிக்க அனுமதித்தது ஏரோஸ்டார் விமானியின் தவறான கணிப்பு. அந்தப் பரிசோதனையைச் செய்யப் போனது ஹெலிகாப்டர் விமானியின் தவறான கணிப்பு. போதிய இடைவெளி காக்காதது ஹெலிகாப்டர் குழுவின் தவறு. ஏரோஸ்டார் விமானிகளுக்குக் கிடைத்த பயிற்சியும் தகுதிச் சோதனையும் முழுமையாக இல்லை என்பதையும் துணைக் காரணமாகச் சேர்த்தார்கள். இத்தனை தடயம் கையில் இருந்தும் அந்த வாரியம் "அநேகமான காரணம்" என்றுதான் எழுதும். நிச்சயமான காரணம் என்று எழுதுவதில்லை.

தொழில் தெரிந்தவனாக நான் ஒன்று சொல்ல வேண்டும். மூக்குச் சக்கரம் உண்மையிலேயே பூட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதன்மைச் சக்கரங்கள் இரண்டிலும் இறங்கி, வேகம் குறையும்வரை மூக்கைத் தூக்கிப் பிடித்து, கடைசியில் மூக்கு ஓடுபாதையில் உரசிக்கொண்டு நின்றிருக்கும். அடித்தகடு கிழியும். நிறையச் செலவு. உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் கதவைத் திறந்து தங்கள் காலிலேயே நடந்து வெளியே வருவார்கள். அப்படி மூக்குக் குப்புற விழுந்த விமானங்களைத் தூக்கி நிறுத்துவது எங்களுக்குப் பழக்கமான வேலை. ஆக, அந்த விமானி பயந்த விஷயம் அவரைக் கொன்றிருக்காது. தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியாததுதான் ஏழு பேரை எடுத்துக்கொண்டது. அதுவும், கிட்டே போய்ப் பார்த்தாலும் பூட்டு விழுந்ததா என்பது ஹெலிகாப்டரிலிருந்து தெரிந்திருக்குமா என்பது பெரிய சந்தேகம். நான் ஜாக்குக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்துப் பார்க்கும் பூட்டு அது.

இது ஒரே ஒருமுறை நடந்ததும் இல்லை. 1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் 401 விமானத்தில் இதேபோல மூக்குச் சக்கரத்தின் விளக்கு எரியவில்லை. அது பெரிய விமானம், 176 பேர் இருந்தார்கள். விமானி அறையில் எல்லோருடைய கவனமும் அந்த விளக்கின் மேல் போயிற்று. ஒருவர் சக்கரத்தைப் பார்க்கும் துளை வழியாகப் பார்ப்பதற்குக் கீழே இறங்கினார். விமானத்தை 2000 அடியில் நிறுத்திவைத்திருந்த தானியங்கி விடுபட்டது யாருக்கும் தெரியவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மெல்ல மெல்ல இறங்கி மோதினார்கள். 101 பேர் இறந்தார்கள். சக்கரம் ஒழுங்காக இறங்கியிருந்தது. பல்புதான் எரிந்துபோயிருந்தது.

இந்த இரண்டு விபத்துகளையும் நான் ஒரு சமயக் கேள்வியாகவே பார்க்கிறேன். ஒரு சாவு விழுந்த வீட்டில் நமக்குள் எழும் "ஏன்?" என்பதும் எரியாத விளக்குதான். அந்த இருட்டோடு உட்கார்ந்திருக்க நம்மால் முடிவதில்லை. ஏதாவது ஒரு பதிலோடு கிட்டே போகிறோம். நல்ல மனசோடுதான் போகிறோம். அந்தப் பதில் இழந்தவர்களின் மேலேயே போய் மோதுகிறது.

என் சித்தப்பா மகன் வீட்டில் இது நடந்தது. தஞ்சாவூர் பக்கம். அவனுடைய மூத்த பையன் ராத்திரி வேலை முடிந்து பைக்கில் வரும்போது, நெடுஞ்சாலை ஓரத்தில் பின்விளக்கு இல்லாமல் நிறுத்தியிருந்த லாரியில் மோதிவிட்டான். மூன்றாம் நாள் நாங்கள் போயிருந்தோம். உறவில் பெரியவர் ஒருவர், நன்றாகத் திருமுறை ஓதுகிறவர், பையனின் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். "அழாதம்மா. அவன் கொண்டுவந்த ஆயுசு அவ்வளவுதான். போன ஜென்மத்துக் கணக்கு, முடிச்சுட்டுப் போயிட்டான்." அதுவரை சுவரில் சாய்ந்திருந்த அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என் புள்ள என்ன பாவம் பண்ணுனான்னு சொல்லுங்க மாமா. தெரிஞ்சாத்தானே சொல்றீங்க?" என்று கேட்டாள். அவர் வாயடைத்துப் போனார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக்குப் பந்தல்காரரை வரச்சொன்னதும், மூன்று நாளும் சமையலுக்கு ஏற்பாடு செய்ததும் அவர்தான். உதவி செய்ய வந்தவர் அவர்.

நானும் அதே சைவ வீட்டில் வளர்ந்தவன். ஆணவம், கன்மம், மாயை என்று சின்ன வயதிலேயே மனப்பாடம். கன்மத்தை நான் மறுக்கவில்லை. ஹேங்கரில் வேலை பார்த்தவனுக்கு வினைப்பயனில் நம்பிக்கை வராமல் போகாது. இன்றைக்கு முறுக்காமல் விட்ட நட்டு, பல மாதம் கழித்து எங்கோ ஓர் ஓடுபாதையில் கணக்குக் கேட்கும். செய்கை வீண்போகாது என்பதை இரும்பு எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. கூடவே இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது: நட்டை விட்டவன் அன்று வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான், விழுகிறவன் வேறொருவன். வினை உண்மை. அது செய்தவன் வீட்டுக் கதவைத்தான் தட்டும் என்பது உண்மையில்லை. விபத்து அறிக்கைகளில் உயிரிழந்தோர் கணக்குக்கு ஓர் அட்டவணை உண்டு. விமானப் பணியாளர்கள், பயணிகள், மற்றவர்கள் என்று கட்டம் பிரித்திருப்பார்கள். மெரியன் சிறுமிகள் இரண்டு பேரும் அந்த மூன்றாவது கட்டத்தைச் சேர்ந்தவர்கள். விமானம் ஓட்டவும் இல்லை, ஏறவும் இல்லை, ஏறலாமா என்று யோசிக்கவும் இல்லை. நம்முடைய வினைக் கொள்கையில் அப்படி ஒரு கட்டம் இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. மற்றவர்கள் என்று யாரும் கிடையாது, எல்லோரும் தத்தம் கணக்கையே தீர்க்கிறார்கள் என்று அது சொல்லிவிடுகிறது. ஆறு ஏழு வயதுக் குழந்தையின் மேல் நாம் அறியாத ஒரு குற்றத்தை ஏற்றிவிட்டுத்தான் அந்தக் கணக்கைச் சரிக்கட்ட முடியும். அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை, என் சிவனும் ஒப்ப மாட்டான் என்று நம்புகிறேன்.

இது நம் மரபுக்கு வெளியே போய்ச் சொல்லும் பேச்சு என்று நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரம் ஊழ்வினையைத் தன் மூன்று பொருள்களில் ஒன்றாக வைத்த காப்பியம். கோவலன் முற்பிறவியில் பரதன் என்ற பெயரில் இருந்தபோது சங்கமன் என்ற வணிகனைக் காட்டிக்கொடுத்துக் கொலைக்கு ஆளாக்கியதாகவும், அந்த வினைதான் இப்போது வந்தது என்றும் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. எப்போது சொல்கிறது என்று பாருங்கள். மதுரை எரியத் தொடங்கிய பிறகு. அதற்கு முன்பே கண்ணகி பாண்டியன் அவைக்குப் போய்விட்டாள், சிலம்பை உடைத்துவிட்டாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று எல்லோர் முன்னிலையிலும் நிறுவிவிட்டாள். பொற்கொல்லனின் வஞ்சனையும், விசாரிக்காமல் கொடுத்த உத்தரவும் வெளியே வந்துவிட்டன. தெய்வம் முன்கூட்டியே வந்து, எல்லாம் போன பிறவிக் கணக்கம்மா, வீட்டுக்குப் போ என்று சொல்லியிருந்தால் பாண்டியனின் தவறு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அடுத்த கோவலனும் அதே தெருவில் வெட்டுப்பட்டிருப்பான். இளங்கோ அப்படி வைக்கவில்லை. தடயம் முதலில், வினை பிறகு.

மற்ற மரபுகளிலும் இதே எச்சரிக்கை உண்டு. மோளியசீவகன் என்ற நாடோடித் துறவி புத்தரிடம் போய், ஒருவன் படும் இன்ப துன்பம் எல்லாமே பழைய கர்மத்தின் பயன்தான் என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்டார். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்கினார். பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், கவனமில்லாத நடத்தை, வெளியிலிருந்து வரும் தாக்குதல், கடைசியாகக் கர்மத்தின் விளைவு. எல்லாவற்றையும் எட்டாவதிலேயே போட்டுவிடுகிறவர்கள் தாங்கள் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார். இது சங்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கிறவன் எழுதும் பட்டியல்போலவே எனக்கு அது படுகிறது. லூக்கா நற்செய்தியில் சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்த செய்தி வருகிறது. எருசலேமில் மற்ற எல்லோரையும்விட அவர்கள் பெரிய பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். மனம் திரும்பச் சொல்லி உயிரோடு இருப்பவர்கள் பக்கம் பேச்சைத் திருப்புகிறார். செத்தவர்களின் கணக்கை அவர் திறக்கவில்லை.

உலக நாடுகளின் விமான விபத்து விசாரணைக்கு ஒரு பொது விதி உண்டு. சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு, 1951-ல் முதலில் ஏற்கப்பட்டது. விபத்துகளைத் தடுப்பதுதான் விசாரணையின் ஒரே நோக்கம், பழியையோ பொறுப்பையோ சுமத்துவது அதன் நோக்கமல்ல என்று அது சொல்கிறது. அமெரிக்காவில், வாரியத்தின் அறிக்கையை நஷ்டஈட்டு வழக்கில் சாட்சியமாகக் காட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. தண்டிக்க வேண்டியவர்களை நீதிமன்றம் தண்டிக்கட்டும், அது வேறு வேலை. விசாரணையில் உட்கார்ந்திருப்பவர்கள் நாளைக்குப் பறக்கப் போகிற, முகம் தெரியாத ஒருவருக்காக எரிந்த இரும்பைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். மெரியனில் இறந்த விமானிகளின் கணிப்பைத் தவறு என்று அவர்கள் எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு அதில் வெறுப்பு ஒரு துளியும் தெரியவில்லை. உதவப் போனவர்கள் என்பதால் பூசி மெழுகவும் இல்லை, தவறு செய்தவர்கள் என்பதால் அவர்களைப் பாவிகள் ஆக்கவும் இல்லை. நான் பார்த்த பல பூஜைகளைவிட அந்தச் சில பக்கங்களில் பக்தி அதிகம் இருந்தது. உண்மையின் முன்னால் கைகட்டி நிற்பதைத்தான் பக்தி என்கிறேன்.

அந்த இரண்டு சிறுமிகள் ஏன், மைதானத்தின் அந்த மூலை ஏன், ஐந்து நிமிடம் முன்பே மணி அடித்து எல்லோரும் உள்ளே போயிருந்தால் என்ன? இதற்கு அறிக்கையில் பதில் கிடையாது, அது பதில் சொல்லவும் முயலவில்லை. எனக்கும் தெரியாது. கடவுளை நம்பிக்கொண்டே தெரியாது என்று சொல்ல முடியும் என்பதை நான் தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டேன். நம்புகிறவனிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்க வேண்டும் என்ற நெருக்கடி நாமாக ஏற்படுத்திக்கொண்டதுதான். கோவிலில் கண்ணை மூடி நிற்கும்போது எனக்கு எந்த விளக்கமும் கிடைப்பதில்லை. விளக்கம் கிடைக்காமலே வீட்டுக்கு வந்து வேலையைப் பார்க்க முடிகிற பலம் கிடைக்கிறது. பூட்டு விழுந்ததா என்று தெரியாமலே விமானத்தைத் தரைக்குக் கொண்டுவர முடியும், பலர் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சித்தப்பா மகன் வீட்டுக்குக் கருமாதிக்குப் போனபோது அவன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீங்க பிளேன் ரிப்பேர் பண்ணுனவருதானே அத்தான், ஆக்சிடென்ட் ஆனா என்ன ஏதுன்னு எழுதுவாங்கன்னு சொல்லுவீங்களே. அதே மாதிரி எழுதித் தாங்க" என்றாள். உட்கார்ந்து எழுதினோம். எந்த இடம், சாலை எவ்வளவு அகலம், தெருவிளக்கு எங்கே முடிகிறது, லாரிகள் எதற்காக அங்கே நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினோம். எதிரே இருந்த இரவுக் கடைக்கு டீ குடிக்க வருகிற ஓட்டுநர்கள்தான் அங்கே நிறுத்துகிறார்கள், அதே வளைவில் முன்பும் ஒருவர் மோதி உயிர் தப்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பையன் வேகமாக வந்தானா என்று கேட்க நான் தயங்கினேன். அவளே சொன்னாள், "கொஞ்சம் வேகமாத்தான் வருவான், அதையும் எழுதுங்க." எழுதியதை மனுவாக்கினோம். அதில் முதல் கையெழுத்து அவளுடையது. இரண்டாவது, திருமுறை ஓதும் அந்தப் பெரியவருடையது. கடைக்காரர் தன் பக்கத்துக் காலி மனையை லாரி நிறுத்தத் திறந்துவிட்டார். வளைவில் எச்சரிக்கைப் பலகை இன்னும் வைக்கவில்லை, இந்த மாதமும் போய்க் கேட்டுவிட்டு வந்தோம்.